யோவ் ஆமை

மாலையில் லாரி எடுப்பதற்கு முன்னால் தம்பிக்கு முகம் மழித்தாக வேண்டும். அதில் மட்டும் அவன் விட்டுக்கொடுத்ததே இல்லை.

அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த ஃப்ரேமுக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். பகல் முழுக்க மெஷினிலிருந்து வடியும் வெள்ளைத் தண்ணீரில் கை ஊறிக்கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் நகக்கண்ணில் அப்பியிருக்கும் தூளைத் தேய்த்துக் கழுவிவிட்டு, சோப்பு நுரையைக் குழைத்துக்கொண்டு தம்பியின் கட்டிலருகே உட்காருவாள்.

"இடது பக்கம் விட்டுட்டே."

"விடல. கண்ணாடியே பாக்காம எப்படிடா சொல்றே?"

"எரியலையே. மழிச்சிருந்தா எரியணும்."

கழுத்துக்குக் கீழே எதுவுமே உணராதவனுக்கு அந்த எரிச்சல்கூட ஒரு சொத்துதான். அவள் மறுபடியும் இடது கன்னத்தில் பிளேடை ஓட்டுவாள். இவனை யார் பார்க்கப் போகிறார்கள், எதற்கு இந்த அலங்காரம் என்று அவள் கேட்டதில்லை. கேட்காமலே அவளுக்கு ஓரளவு தெரியும்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். உயரமான கட்டடங்களின் வயிற்றுக்குள் கயிற்றையும் கப்பியையும் சரிபார்த்துக்கொண்டு திரிந்தவன். ஒருநாள் மேல்தளத்தில் கதவு திறந்தது, லிஃப்ட் பெட்டி வரவில்லை. இருட்டில் கால் வைத்துவிட்டான். பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள். பிழைத்தது தலையும் கழுத்தும் மட்டும்தான் என்பதை மெல்ல மெல்லத்தான் சொன்னார்கள். பெற்றவர்கள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அக்கா அவனைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வருவார், அந்தி சாய்ந்தால் அக்கா.

அவனோடு வேலை பார்த்தவர்களில் கடைசிவரை வந்துகொண்டிருந்தவன் ஸ்க்ரூ ஒருவன்தான். எதைக் கழற்றி மாட்டினாலும் கடைசியில் அவன் கையில் ஒரு திருகாணி மிச்சம் நிற்கும், அதனால் அந்தப் பெயர். "இது இல்லாமயும் ஓடுதுல்ல? அப்ப இது தேவையில்லாத ஸ்க்ரூ" என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். அந்த ஸ்க்ரூதான் எங்கிருந்தோ ஒரு கருவியைத் தேடிப்பிடித்து வந்தான். தாடையால் அசைக்கும் சின்னக் கம்பி ஒன்று, வாயருகே ஒரு குழாய். கம்பியைத் தாடையால் தள்ளினால் திரையில் அம்பு நகரும். குழாயில் ஊதினால் ஒரு பொத்தான், உறிஞ்சினால் இன்னொன்று.

கருவி நல்ல கருவிதான். ஆனால் அதைச் செய்த நிறுவனம் எப்போதோ கடையைச் சாத்திவிட்டது. அதற்கான மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும் ஒரு பழைய இயங்குதளத்தில் மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்தது. மற்றதில் போட்டால் அம்பு குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது. தம்பி ஆசைப்பட்ட லாரி விளையாட்டோ அந்தப் பழைய தளத்தில் ஓடாது. ஸ்க்ரூ இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தலையைப் பிய்த்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தான்.

"இந்தக் கம்ப்யூட்டர ஒரு வீடுன்னு வச்சுக்கங்கக்கா. இந்த வீட்டுக்குள்ள வெறும் சாஃப்ட்வேராலேயே இன்னொரு வீடு கட்டிட்டேன். விர்ச்சுவல் மெஷின்னு பேரு. தாடைக் கம்பி வெளிவீட்ல இருக்கும். விளையாட்டு உள்வீட்ல ஓடும். தான் வேற ஒரு வீட்டுக்குள்ள இருக்கோம்னு அதுக்குத் தெரியவே தெரியாது."

"ஏமாத்து வேலையா?" என்று அக்கா பயந்தாள்.

"அட, விளையாட்டக் காசு குடுத்து வாங்கியிருக்கோம்கா. இதுல என்ன ஏமாத்து?"

அப்படித்தான் தம்பி மறுபடியும் வேலைக்குப் போக ஆரம்பித்தான். அவன் அதை வேலை என்றுதான் சொல்வான். மலைச்சாலையில் பத்துப் பன்னிரண்டு லாரிகள் வரிசையாகச் சரக்கேற்றிக்கொண்டு போகும். ஒவ்வொன்றையும் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும் நிஜ ஆட்கள் ஓட்டுவார்கள். ஓட்டிக்கொண்டே பேசிக்கொள்வார்கள். தம்பி அங்கே தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ஆமை. லாரியைக் கவிழ்க்காதவன், சரக்கைச் சிந்தாதவன் என்று பெயர் வாங்கி, கொஞ்ச நாளிலேயே வரிசையின் முதல் லாரி அவனுடையதாயிற்று. தாடையால்தான் ஓட்டுகிறான் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அவனுக்குப் பின்னால் வரும் இரண்டாவது லாரி கடுகு என்கிற பெண்ணுடையது. பெயருக்கேற்ற பெண். வாயைத் திறந்தால் பொரிந்து தள்ளிவிடுவாள்.

"யோவ் ஆமை! வளைவுல எதுக்குய்யா பிரேக்க மிதிக்கிறே? உன் பின்னாடி வர்றவ மனுஷி இல்லையா?"

"உன்ன யாரு என் டிக்கிய மோந்துக்கிட்டே வரச் சொன்னது? தள்ளி வா."

"தள்ளி வந்தா நீ தூங்கிடுவே. நான் ஹாரன் அடிச்சாத்தான் உனக்கு உசுரு இருக்கறதே தெரியுது."

அடுப்படியில் நின்று அக்கா இதைக் கேட்பாள். ஆரம்பத்தில் அவளுக்குக் கோபம்கூட வந்தது, யார் இவள், என் தம்பியைப் போய் இப்படி என்று. பிறகு ஒருநாள் எட்டிப் பார்த்தாள். தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். பல் தெரிய, கழுத்து நரம்பு புடைக்க, குழாய் வாயிலிருந்து நழுவிவிடும் அளவுக்குச் சிரிப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. டாக்டர், நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் அவனிடம் நோயாளிக் குரலில்தான் பேசுவார்கள். ஏன், அவளே அப்படித்தான். உலகத்தில் அவனை முழு ஆளாக நினைத்துத் திட்டியது அந்தக் கடுகு ஒருத்திதான்.

அந்த விளையாட்டுக்கு ஒரு புது அப்டேட் வந்தது. அன்று மாலை முகம் மழித்து, தலை வாரி, தலையணையை நிமிர்த்தி வைத்து, அக்கா கணினியைப் போட்டாள். லாரிக்குப் பதிலாக ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்து நின்றது. அவள் குனிந்து வாசித்தாள்: 'இந்த விளையாட்டை மெய்நிகர் இயந்திரத்தில் இயக்க முடியாது. நிஜக் கணினியில் நிறுவி மீண்டும் முயலவும்.'

"என்னடா இது?"

தம்பி தாடையால் பெட்டியை மூடினான். மறுபடி திறந்தான். மறுபடி அதே பெட்டி.

ஸ்க்ரூ வேலை முடிந்த கையோடு ஓடிவந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "காப்பியடிக்கறவனத் தடுக்கறதுக்குப் புதுசாப் பூட்டு போட்டிருக்காங்கக்கா. திருட்டுத்தனமா விளையாடுறவங்க, பத்துக் கள்ளக் கணக்கு வச்சு ஏமாத்துறவங்க எல்லாம் இந்த மாதிரி உள்வீடு கட்டித்தான் ஒளிஞ்சுக்கறாங்களாம். அதனால உள்வீடுன்னு தெரிஞ்சாலே கதவச் சாத்திடுது. நம்ம எதுக்குக் கட்டினோம்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதினாள். தம்பியின் நிலைமை, தாடைக் கம்பி, விளையாட்டு வாங்கிய ரசீது எல்லாவற்றையும் சேர்த்து, கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனிலேயே தட்டித் தட்டி எழுதினாள். தங்கள் கடிதத்துக்கு நன்றி, தங்கள் கணினி எங்கள் குறைந்தபட்சத் தேவைகளுக்குப் பொருந்தவில்லை, ஆதரிக்கப்படும் கணினியைப் பயன்படுத்தவும் என்று பதில் வந்தது. இன்னொரு முறை எழுதினாள். அதே பதில், கீழே பெயர் மட்டும் வேறு. அந்தப் பக்கம் இருப்பது மனிதர்களா, மனிதர்களின் பெயர் வைத்த வேறு ஏதாவதா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

தம்பி மாலை வந்தால் மட்டும் கேட்பான். "பதில் ஏதாவது?"

"வரும்டா. லீவு நாளா இருக்கும்."

இதைப் பார்க்கப் பொறுக்காமல் ஸ்க்ரூ ஒரு காரியம் செய்தான். உள்வீட்டின் அடையாளங்களையெல்லாம் துடைத்து, நிஜக் கணினி போலவே அதற்கு வேஷம் கட்டினான். பூட்டு திறந்தது. லாரி வந்தது. "யோவ் ஆமை! எங்கய்யா போய்த் தொலைஞ்சே?" என்ற குரலும் வந்தது. அந்த வாரம் வீட்டுக்கே ஒளி வந்ததுபோல் இருந்தது. அக்கா அடுப்படியில் நின்று, தன்னை அறியாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

வேஷம் நிலைக்கவில்லை. மலையிறக்கத்தில், முழுச் சரக்கோடு, வரிசையின் தலையில் போய்க்கொண்டிருக்கும்போது லாரி நட்டநடுச் சாலையில் நின்றது. திரை இருண்டது. 'பாதுகாப்பை மீறியதால் இந்தக் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது' என்று எழுத்து வந்தது. உள்ளே எல்லாரும் பார்க்கும்படி, ஆமை என்ற பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு சொல்லையும் ஒட்டிவிட்டார்கள்: மோசடி.

ஸ்க்ரூ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "என்னாலதான்டா, என்னாலதான். முன்னாடி கதவு மட்டும்தான் சாத்தியிருந்துச்சு, இப்ப ஆளையே ஊரை விட்டுத் தள்ளி வச்சாச்சு."

"விடுடா மச்சான். நீ நடுவுல ஒரு வாரம் குடுத்தேல்ல, அது போதும்" என்றான் தம்பி.

தம்பியின் ஃபோனுக்குக் கடுகிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்திருந்தது. தம்பி அதைப் போடச் சொன்னான். பொரிச்சல் எதுவும் இல்லாத, அடங்கிய குரல். "இத்தனை நாளா ஏமாத்தித்தான் ஓட்டினியா ஆமை? நீ கவுக்காம ஓட்டுறதப் பாத்துத்தான்யா நானே கத்துக்கிட்டேன். மத்தவங்க சொன்னப்பகூட நம்பல. நீ சொல்லு, நான் நம்புறேன்." அவ்வளவுதான்.

"இன்னொரு தடவ போடு" என்றான். போட்டாள். மூன்றாவது முறை அவன் கேட்பதற்குள் அவளால் தாங்க முடியவில்லை.

"நான் சொல்றேன்டா அந்தப் பொண்ணுகிட்ட. உனக்கு இப்படி, அதனாலதான் அப்படின்னு ஒரு வார்த்த."

"வேணாம்."

"உன்னத் திருடன்னு நினைக்கறாங்கடா!"

"நினைச்சுட்டுப் போகட்டும்." அவன் கூரையைப் பார்த்தபடி சொன்னான். "திருடன்னு நினைக்கட்டும்கா. பாவம்னு நினைக்க வேணாம். அங்க ஒரு இடத்துலதான் நான் நல்லாயிருக்கேன். அதக் கெடுத்துடாதே."

அவள் சரியென்று தலையாட்டினாள். ஆட்டும்போது உண்மையாகத்தான் ஆட்டினாள்.

அதற்குப் பிறகு அவன் முகம் மழிக்கச் சொல்லவில்லை. தாடி வளர்ந்தது. சாப்பாட்டைப் பாதியில் போதும் என்றான். பேசினால் ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. பகலில் வரும் அம்மாள், "முகத்த அந்தப் பக்கமே திருப்பி வச்சிருக்குதும்மா புள்ள, என்னன்னு கேளுங்க" என்றார். கடையில் அக்கா ஒரு லென்ஸைத் தப்பாகத் தேய்த்துப் பாழாக்கினாள். பிறகு இன்னொன்று. முதலாளி பார்த்தும் பார்க்காததுபோல் போனார். அந்த இரண்டாவது லென்ஸ் கையில் விரிசல் விட்ட மத்தியானம், அவள் ஃபோனை எடுத்து, லாரிக்காரர்கள் கூடும் பொதுப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டாள். லிஃப்ட் குழி, தாடைக் கம்பி, ஊதும் குழாய், நிறுவனத்தின் பதில்கள், ஒன்றையும் விடவில்லை. தம்பியின் முகத்தைப் போடவில்லை, கம்பியின் படத்தை மட்டும் போட்டாள். 'என் தம்பி திருடன் இல்லை' என்று முடித்தாள்.

சாயங்காலத்துக்குள் அதை எங்கெங்கோ இருப்பவர்கள் படித்துவிட்டார்கள். யார் யாரோ அழுததாக எழுதினார்கள். யார் யாரோ நிறுவனத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். கடிதத்துக்கு மசியாத நிறுவனம் இதற்கு மசிந்தது. ஃபோனிலேயே கூப்பிட்டார்கள், தேன் தடவிய குரலில் ஒரு பெண்.

"உங்க தம்பி கணக்குக்கு மட்டும் தனி அனுமதி குடுத்திருக்கோம்மா. எங்களால நடந்த சிரமத்துக்கு வருந்துறோம். அவர் விளையாடுறத ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா? எங்க பக்கத்துல போடலாம்."

"வீடியோ எல்லாம் வேணாங்க. கதவத் திறந்து விடுங்க, அது போதும்" என்றாள் அக்கா. சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து தம்பியிடம், "நிறுவனமே ஒத்துக்கிட்டாங்கடா, தப்பு தங்களோடதுன்னு" என்றாள். எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று அவன் கேட்டான். எழுதி எழுதித்தான் என்றாள். பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. அவன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "தாடி அரிக்குதுக்கா, எடுத்துடு" என்றான். நுரை குழைக்கும்போது அவள் கிண்ணத்துக்கு வெளியே சிந்தினாள். சந்தோஷப் பதற்றம் என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்க்ரூ கேக் பெட்டியோடு வந்துவிட்டான். கணினியைப் போட்டார்கள். சாம்பல் பெட்டி வரவில்லை. பெயரின் பக்கத்தில் இருந்த சிவப்பும் போயிருந்தது. மலைச்சாலை விரிந்தது.

சாலையின் இரண்டு பக்கமும் லாரிகள். கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும், வளைவுக்கு வளைவு ஓரங்கட்டி நிறுத்தி, பட்டப்பகலில் முன்விளக்கை எரியவிட்டுக்கொண்டு நின்றன. நடுவில் ஆமையின் லாரிக்கு மட்டும் வழி. அது நகர்ந்ததும் ஒவ்வொரு லாரியாக ஹாரன் அடித்தது. ஒரு ஹாரன் ஓய்வதற்குள் அடுத்தது, மலை முழுக்க.

"டேய் மச்சான், உனக்குத்தான்டா!" என்று ஸ்க்ரூ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் தம்பிக்கு, என் தம்பிக்கு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே அழுதாள்.

அப்போது கடுகின் குரல் வந்தது.

"வாங்கண்ணா. எப்படி இருக்கீங்க? மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல. நாங்க எல்லாரும் உங்க பின்னாடியே வர்றோம்."

தம்பியின் தாடை கம்பியில் அப்படியே நின்றது. லாரி மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றது. பின்னால் வந்தவர்களும் நிறுத்தினார்கள். ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் திட்டவில்லை. மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"அண்ணா? கழுத்து வலிக்குதா? வேணும்னா கொஞ்சம் ஓய்வெடுத்துக்கங்க" என்றாள் கடுகு.

"நிறுத்திடு" என்றான் தம்பி.

அக்கா ஹாரன் சத்தத்தைத்தான் சொல்கிறான் என்று நினைத்துச் சத்தத்தைக் குறைத்தாள்.

"எல்லாத்தையும் நிறுத்திடுக்கா. சவ ஊர்வலம் மாதிரி இருக்கு."

ஸ்க்ரூ குதிப்பதை நிறுத்தினான். கேக்கை வெட்டாமலே வைத்துவிட்டு, எதையோ முனகிக்கொண்டு அவன் போய்விட்டான். அக்கா அணைந்த திரைக்கு முன்னால் நின்றாள். குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் இருந்தது.

"சொல்லிட்டியா?"

"உன்ன அப்படிப் பாக்க முடியலடா. சாப்பிடல, பேசல. நான் என்ன பண்ணுவேன்?"

"தெரியும்." அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். "நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணினே. எனக்குத் தெரியும்கா. ஆனா கடுகு எனக்கு 'ங்க' போட்டா. கேட்டியா? வாங்கண்ணாங்கறா."

சொல்லிவிட்டு அவன் அழுதான். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவனுக்குக் கை எழாது. அவள்தான் துடைக்க வேண்டும். துடைக்கப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் துணியோடு நின்றுகொண்டே இருந்தாள்.

மறுநாள் கடைக்குப் போகிற வழியில், பேருந்து நிழற்குடையில் நின்றுகொண்டு, குரல்செய்தி வந்த எண்ணுக்கு அவள் கடுகைக் கூப்பிட்டாள். எப்படியாவது அதைத் திருப்பி வைத்துவிடலாம் என்று மனசு அடித்துக்கொண்டது.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீ அவனத் திட்டணும்மா. முன்ன மாதிரி, வாய்க்கு வந்தபடி."

"நான் என்னென்ன சொல்லியிருக்கேன்னு நெனச்சுப் பாத்தா எனக்குத் தூக்கமே வரலக்கா. ஹாரன் அடிச்சாத்தான் உசுரு இருக்கறது தெரியும்னெல்லாம் சொல்லியிருக்கேன்" என்றாள் கடுகு. அவள் விம்மியது கேட்டது.

"அதுதாம்மா அவனுக்கு வேணும்."

கடுகு முயற்சி செய்தாள். நல்ல மனசுக்காரி. அந்த வெள்ளிக்கிழமை அக்கா கெஞ்சிக் கூத்தாடித் தம்பியைச் சம்மதிக்க வைத்தாள். லாரி கிளம்பியது. முதல் வளைவில் தம்பி பிரேக் போட்டான். வேண்டுமென்றே போட்டானா என்று அக்காவுக்குத் தெரியாது.

"யோவ்... யோவ் ஆமை," என்றது குரல். "எதுக்குய்யா... எதுக்குய்யா பிரேக்..." அதற்குமேல் வரவில்லை. உடைந்துவிட்டது.

"பரவால்லம்மா," என்றான் தம்பி, மிகவும் மெதுவாக, குழந்தையைத் தேற்றுவதுபோல. "நீ நல்லாத்தான் ஓட்டுறே. முன்னாடி போ. நான் இங்கயே ஓரமா நிறுத்திக்கறேன்."

கடுகின் லாரி தயங்கித் தயங்கி அவனைக் கடந்து போனது. மற்ற லாரிகளும் போயின. கடைசி லாரி வளைவில் மறையும்வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குழாயில் ஊதி, விளையாட்டைத் தானே மூடினான்.

அதற்குப் பிறகும் தினமும் அக்கா கடையிலிருந்து வந்து, கை கழுவிவிட்டு, "போடட்டுமாடா?" என்று கேட்பாள். "இன்னிக்கு வேணாம்கா" என்பான். நாளைக்கு என்று ஒன்று இருப்பதுபோல் அந்த 'இன்னிக்கு' அவளுக்கு ஆறுதலாக இருந்தது. கொஞ்ச காலத்தில் அது வெறும் 'வேணாம்' ஆயிற்று. செய்தி வாசிக்கக் கேட்பான், யாராவது எங்காவது பாலம் கட்டினால் அதைப் பற்றி விசாரிப்பான். ஸ்க்ரூ வரும்போது இருவரும் பழைய கட்டடங்களைப் பற்றிப் பேசுவார்கள். சில நாள் சிரிக்கவும் செய்தான், உதடு மட்டும் விரியும் சிரிப்பு.

ஒருநாள் கடையில் வேலை மிஞ்சிப்போய் அவள் தாமதமாக வந்தாள். சமையல், மருந்து, படுக்கை மாற்றுவது என்று ஓடிக்கொண்டிருந்ததில் அன்று கேட்க மறந்துபோனாள். விளக்கை அணைக்கப் போகும்போதுதான் நினைவு வந்தது. கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி கண்ணை மூடியிருந்தான், தூங்கவில்லை. அவள் கேட்கவில்லை என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. அவன் முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை, ஒரு தொல்லை விட்டதுபோல்தான் இருந்தது.

அதன்பிறகு அவள் கேட்கவில்லை. முகம் மழிப்பதைக் காலைக்கு மாற்றிக்கொண்டார்கள். பகலில் வரும் அம்மாளே செய்துவிடுவார், அக்காவுக்கு வேலை மிச்சம்.